தூங்க வைத்த பிரேக்கர்

பிரிட்டோவுக்குத் தன் பெண்டாட்டி மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஊரில் மற்றவர்களுக்குப் பங்காளி மேல் வரும், பக்கத்து வயல்காரன் மேல் வரும், கூடச் சம்பளம் வாங்கும் சகலை மேல் வரும். இவனுக்கு வந்தது, மாதா கோயிலில் கைப்பிடித்துக் கூட்டி வந்த ஷைனி மேல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாமல் இருந்தால் சோறு இறங்காது. அவன் சொல்லாமல் இருந்தான்.

இரண்டு பேருக்கும் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் வேலை. இருவருமே எலக்ட்ரிகல் பிரிவு. அவன் போர்மேன், பல வருஷம் சீனியர். அவளை அங்கே சேர்த்துவிட்டதே அவன்தான். கல்யாணமான புதிதில் ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க வூட்லயும் எலக்ட்ரிகல் டிப்ளமோதாங்க சார்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அதை நினைத்தால் இப்போது தன் காலைத் தானே மிதித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வினை ஆர்க் ஃபிளாஷ் என்ற பேரில் வந்தது. பேனல் பெட்டிக்குள் கரண்ட் தடம் மாறிக் காற்றிலேயே பாய்ந்துவிட்டால் ஒரு தீப்பந்து கிளம்பும். ஷாக் அடிப்பதுபோல ஆளைத் தொட வேண்டும் என்றில்லை. எதிரே நின்றாலே போதும், சட்டையோடு சேர்த்துச் சுட்டுவிடும். எந்தப் பேனல் முன்னால் நிற்பவன் மேல் எவ்வளவு சூடு விழும் என்று கணக்குப் போட்டு, அங்கே என்ன உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று லேபிள் ஒட்ட வேண்டும். இந்த ஆய்வைக் கரும்பு அரவை தொடங்கும் முன்பு முடிக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வருவார், ஆலையில் ஒருவர் அவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த ஒருவர் தான்தான் என்பதில் பிரிட்டோவுக்குச் சந்தேகமே இல்லை. ஜி.எம். வெங்கடேசன் கூப்பிட்ட அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனான்.

"ஷைனி பாக்கட்டும்" என்றார் ஜி.எம். "அவங்க இதுக்கு ஆன்லைன்ல கோர்ஸ் எல்லாம் முடிச்சிருக்காங்க. பிரிட்டோ, நீங்க அரவை வேலையப் பாருங்க. உங்கள விட்டா எனக்கு ஆள் இல்ல."

புகழ்ச்சி மாதிரித்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்ததும் அவனுக்குக் காது சுட்டது. அவள் கோர்ஸ் முடித்ததே அவனுக்குத் தெரியாது. ராத்திரி போனை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தான்.

அதன் பிறகு பார்ப்பதெல்லாம் கண்ணை உறுத்தியது. ஆபீஸில் அவளுக்குத் தனி நாற்காலி போட்டார்கள். அவளுக்கு டீ கண்ணாடி டம்ளரில் போனது, அவனுக்கு வழக்கம்போலக் காகித கப். ஒயர்மேன்கள் "ஷைனி மேடம் வந்துகினு இருக்காங்க" என்று பீடியை அணைத்தார்கள். இத்தனை வருஷத்தில் அவனுக்காக ஒரு பீடி அணைந்ததில்லை. கன்சல்டன்ட் இளஞ்செழியன் வந்தார். சின்ன வயசு, மெல்லிய மீசை, எதற்கெடுத்தாலும் "கரெக்ட் மேடம்". அவர் சொல்லும் கரெக்ட் ஒவ்வொன்றும் பிரிட்டோவின் வயிற்றில் ஒரு மிளகாய்.

உடுப்புகள் வந்து இறங்கின. முகத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்போடு நீல நிற மெல்லிய கோட்டு ஒன்று. அது எட்டு கலோரி சூடு தாங்கும். இன்னொன்று தலையோடு மூடிக்கொள்ளும் தடிமனான சூட். அது நாற்பது தாங்கும். தடிச் சூட்டைப் போட்டுப் பார்த்த ஷைனி, மலையில் தேனெடுக்கப் போகிறவள் மாதிரி நின்றாள். அதை இளஞ்செழியன் போட்டோ எடுத்தார். சாயங்காலம் அது அவள் ஸ்டேட்டஸில் இருந்தது. யார் யார் பார்த்தார்கள் என்று அவள் குளிக்கப் போன நேரத்தில் பிரிட்டோ எடுத்துப் பார்த்தான். அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பாத சித்தப்பா மகன் அதற்கு இதயம் இதயமாகப் போட்டிருந்தான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அவன் அம்மா ஆனந்தமேரி கோயில் விட்டு வரும் வழியெல்லாம் இதே பேச்சு. "எம் மருமவ கணக்குப் போட்டுக் குடுத்தாதான் மில்லையே ஓட்டுவாங்களாம்." கூட வந்தவள், "அப்ப பிரிட்டோ இன்னா பண்றான்?" என்று கேட்டாள். ஆனந்தமேரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனும் அங்கதான் இருக்கான்" என்றாள். பெற்றவளே கட்சி மாறிவிட்டாள்.

இவ்வளவுக்கும் நடுவில் பிரிட்டோவிடம் ஒரு சங்கதி இருந்தது. அது அவளுக்குத் தெரியாது, கரெக்ட்காரருக்கும் தெரியாது.

ஆலையில் மூன்றாம் பேனல் என்று ஒன்று. கரும்பு வெட்டும் கட்டருக்கெல்லாம் அதிலிருந்துதான் கரண்ட். கட்டரில் கரும்புக் கட்டு சிக்கினால் கரண்ட் எகிறும், கரண்டை அறுக்கும் மெயின் பிரேக்கர் பட்டென்று விழும், பாதி ஆலை நின்றுபோகும். யார்டில் டிராக்டர்கள் கிடக்கும், கரும்பு காயும், விவசாயிகள் போர்மேனின் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். கொளஞ்சியப்பனைப் போல மணலூர்பேட்டைப் பக்கம் சொந்தக் கரும்பு வைத்திருக்கிற ஒயர்மேன்களும் சேர்ந்து திட்டுவார்கள். அதனால் அந்த ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. மெயின் பிரேக்கருக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கோளாறு வந்ததும் விழுவதா, கொஞ்சம் பொறுத்து விழுவதா என்பது அதைத் திருப்பி வைப்பதில் இருக்கிறது. சீசனில் அதைப் பொறுத்து விழும்படி திருப்பிவிடுவார்கள். அந்த அவகாசத்தில் சிக்கிய கட்டருக்கென்று இருக்கும் பிரேக்கர் மட்டும் விழுந்துவிடும், ஆலை ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு அவர்கள் வைத்த பேர் பிரேக்கரைத் தூங்க வைப்பது. ஆபீஸுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அனுமதி, கையெழுத்து, கேள்வி. சீசன் முடிந்ததும் எழுப்பிவிட வேண்டும், யாரும் எழுப்புவதில்லை.

போன சீசனில் மூன்றாம் பேனலைத் தூங்க வைத்தவன் பிரிட்டோ. டார்ச் பிடித்தவர் கொளஞ்சியப்பன். அந்த சீசன் முழுக்க ஆலை ஒரு தடவைகூட அந்தக் காரணத்தால் நிற்கவில்லை. கரும்பு ஆபீசர் அவன் தோளைத் தட்டினார். தன் வேலையில் அவன் பெருமையாக நினைத்துக்கொள்ள இருந்த ஒன்று அது.

ஆனால் ஆர்க் ஃபிளாஷ் கணக்கில் எல்லாமே அந்தத் திருகைப் பொறுத்தது. பிரேக்கர் எவ்வளவு நேரம் தூங்குகிறதோ அவ்வளவு நேரம் தீப்பந்து எரியும். உடனே விழுந்தால் ஏழு கலோரி, மெல்லிய கோட்டு போதும். தூங்கி விழுந்தால் அதைப்போல நாலு மடங்கு, தடிச் சூட் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. ஷைனி வீட்டில் சத்தமாகப் படித்துப் படித்து இது அவனுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

மற்ற பேனல்களை எல்லாம் அவள் கரண்டை நிறுத்தி, மூடியைத் திறந்து, திருகு எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதினாள். மூன்றாம் பேனலுக்கு மட்டும் ஷட்டவுன் கிடைக்கவில்லை. பராமரிப்பு வேலைக்கு வெல்டிங் எல்லாம் அதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளஞ்செழியன் கல்வராயன் மலையைப் பார்க்க ஆசைப்பட்டார். காலைப் பூசை முடித்துவிட்டு பிரிட்டோவும் ஷைனியும் அவரைக் கூட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஜீப் ஏறினார்கள். வாடகை ஜீப்பில் முன் சீட் விருந்தாளிக்கு. ஷைனி அவருக்குப் பின்னால், இரண்டு மலைக்காரப் பெண்களுக்கு நடுவில். பிரிட்டோ கடைசியில், மடியில் யாருடையதோ ஒரு அரிசி மூட்டையோடு.

வளைவுக்கு வளைவு ஜீப் சாய்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் மூட்டை அவன் நெஞ்சில் இடித்தது. முன்னால் அவர்கள் இரண்டு பேரும் மலையையா பார்த்தார்கள்? கலோரி, கலோரி, கலோரி. அவள் என்னவோ சொல்ல, அவர் கழுத்தைத் திருப்பி, "கரெக்ட் மேடம், இத நானே யோசிக்கல" என்றார். அவள் சிரித்தாள். பிரிட்டோவோடு வேலையைப் பற்றிப் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவன் மூட்டைக்குப் பின்னால் இருந்து யோசித்தான். ஆனால் அவன் அவளோடு வேலையைப் பற்றிப் பேசியே நாளாயிற்று. அது அவனுக்குத் தோன்றவில்லை.

"மூணாம் பேனல் மட்டும்தான் மேடம் பாக்கி" என்றார் இளஞ்செழியன்.

ஷைனி பின்னால் திரும்பினாள். "ஏங்க, மூணாம் பேனல் மெயின்ல டிலே எதுனா மாத்தியிருக்கீங்களா? இல்ல, மொதமொத மாட்டுனப்ப வெச்சாங்களே, அதுலயே இருக்குதா?"

அவன் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இதைச் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். அதற்குள் முன் சீட்டிலிருந்து இளஞ்செழியன், "அவரு ஷிஃப்ட் பாக்கறவரு மேடம். செட்டிங்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஷைனி அதை மறுக்கவில்லை. மறுக்காததுதான் இவனைச் சுட்டது.

"நான் இன்னாத்துக்கு அத்தத் தொடப்போறேன்?" என்றான் பிரிட்டோ. "மொதல்ல வெச்ச எடத்துலயேதான் இருக்குது."

"நல்லா தெரியுமாங்க?"

"தெரியும்ன்றேன் இல்ல."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் மூடியைத் திறந்து பார்க்காமல் விட்டிருக்க மாட்டாள். சொன்னவன் புருஷன்.

மலை உச்சி வரைக்கும் பிரிட்டோ உள்ளுக்குள் ஒரு படம் ஓட்டிக்கொண்டு போனான். அறிக்கையை ஜி.எம். முன்னால் வைத்துக் கூட்டம் போடுவார்கள். கரெக்ட்காரர் திரையில் காட்டிப் பேசுவார். அப்போது இவன் எழுந்து, "சார், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பான். செட்டிங் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் புரியும். ஷைனிக்கும் புரியும். வெள்ளிமலையில் அவர்கள் இரண்டு பேரும் வாங்கிக் கொடுத்த சாமைச் சோற்றை அவன் ருசித்துச் சாப்பிட்டான்.

கூட்டம் போடவே இல்லை. அறிக்கை மெயிலில் போனது, ஜி.எம். மெயிலிலேயே சரி என்றார், முடிந்தது. ஷைனி தன் கையாலேயே எல்லாப் பேனலிலும் லேபிள் ஒட்டினாள். மூன்றாம் பேனலில் ஏழு கலோரி, மெல்லிய கோட்டு என்று ஒட்டினாள்.

"தம்பி, அது தூங்கிகினு இல்ல இருக்குது?" என்று கொளஞ்சியப்பன் பிரிட்டோவின் பக்கத்தில் வந்து கேட்டார். "மேடத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிக்கலாம்ண்ணா. அரவ ஆரம்பிக்கறதுக்குள்ள நானே ஒரு ஷட்டவுன் வாங்கி எழுப்பிவுட்டுடறேன்."

அப்படித்தான் நினைத்திருந்தான். யாருக்கும் தெரியாமல் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டால் அவள் கணக்கும் சரியாகிவிடும், பொய்யும் உண்மையாகிவிடும். ஆனால் ஷட்டவுன் அவனுக்கும் கிடைக்கவில்லை. கேட்டும் பெரிதாகக் கேட்கவில்லை. அவளைச் சரியாக்கிவிட அவனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அரவை தொடங்கும் வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சர்வீஸ் முடிந்து வந்திருந்த கட்டர் பிரேக்கரை மூன்றாம் பேனலுக்குள் தள்ளி மாட்ட வேண்டியிருந்தது. பேனலில் கரண்ட் இருக்கும். ஆர்க் ஃபிளாஷ் வருவதென்றால் இந்த மாதிரித் தள்ளும்போதுதான் வரும். புது முறைப்படி எப்படிச் செய்கிறோம் என்று காட்ட இதுதான் சமயம் என்றார் ஜி.எம்.

"ஷைனியே செஞ்சு காட்டட்டும். போட்டோ எடுத்து மத்த மில்லுக்கெல்லாம் அனுப்பலாம்."

பிரிட்டோ கூட்டத்தின் பின்னால் நின்றான். முதலில் வந்தது பொறாமைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இன்னொரு போட்டோ, இன்னும் நூறு இதயம். அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். லேபிளைப் படித்துக் காட்டினாள். நீலக் கோட்டை எடுத்து மாட்டி, கண்ணாடித் தடுப்பை இறக்கினாள். தடிச் சூட் ஓரத்தில் ஆணியில் தொங்கியது.

கோட்டின் பட்டனை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது கொளஞ்சியப்பன் திரும்பி இவனைப் பார்த்தார். புருஷன் நீ இருக்கும்போது நான் எதற்குச் சொல்ல என்கிற பார்வை.

அப்போதுதான் பிரிட்டோவுக்கு உறைத்தது. பிரேக்கர் பிசகாமல் போய் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. நூற்றில் ஒரு தடவை பிசகும். பிசகினால் அந்த நீலத் துணி அவளுக்கு ஒன்றுக்கும் ஆகாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜி.எம். இருந்தார், வெளியூர் ஆட்கள் இருந்தார்கள், இளஞ்செழியன் இருந்தார். வார்த்தை வரவில்லை. கால்தான் நடந்தது.

"நான் செய்றேன்" என்று முன்னால் போய் நின்றான். "இது என் ஷிஃப்ட் பேனல். போர்மேன் இருக்கறப்ப வேற ஆளு தள்ளக்கூடாது."

ஷைனி கண்ணாடித் தடுப்பைத் தூக்கினாள். "இன்னாங்க இது? சாரு என்னைதான் சொன்னாரு."

"குடு கோட்ட."

யாரோ சிரித்தார்கள். ஜி.எம்.மும் சிரித்தார். "புருஷன் விட மாட்டேன்றாரு. சரி, அவரே செய்யட்டும் விடுங்க."

அவள் கோட்டைக் கழற்றிக் கொடுத்த வேகத்தில் அவனுக்கு விரல் வலித்தது. ஆணியில் தொங்கிய தடிச் சூட்டை அவன் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்கள். எல்லாரையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். ஷைனியை இரண்டு தடவை சொல்லி இன்னும் தள்ளி அனுப்பினான். அதற்கும் சிரித்தார்கள். மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். பிரேக்கர் உறுமிக்கொண்டு உள்ளே போய், டொக்கென்று உட்கார்ந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

கை தட்டினார்கள். போட்டோவில் அவன் இருந்தான். வெளியூர் ஆள் ஒருவர் அவனுக்குக் கை கொடுத்தார். இத்தனை நாள் அவன் எதற்கு ஏங்கினானோ அது அத்தனையும் அங்கே கிடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த ஷைனி அவனைப் பிடித்துக்கொள்ளாமல் பின்கம்பியைப் பிடித்திருந்தாள். பெண்ணையாற்றுப் பாலம் வந்தது.

"இன்னைக்கு ஒரு நாளு எனக்கு விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றாள். "உங்களுக்குப் பொறாமைன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? போன் எடுத்து ஸ்டேட்டஸ் பாக்கறதுலருந்து எல்லாம் தெரியும். வூட்டுல எப்படி வேணா இருங்க. அத்தினி பேரு முன்னாடி கோட்டப் புடுங்கணுமா?"

பிரிட்டோவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மூன்று மாதத்தில் பொறாமை இல்லாமல் அவன் செய்த ஒரே காரியம் அதுதான். அதைத்தான் அவள் பொறாமை என்கிறாள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அதைவிடப் பெரியதாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம். பொறாமைக்காரன் என்ற பேர் ஒன்றும் புதிதில்லை. ஆனால் நாளைக் காலையில் அதே பேனலில் இன்னொரு பிரேக்கர் மாட்ட வேண்டும். மாட்டப்போவது கொளஞ்சியப்பன். லேபிள் சொல்கிறபடி நீலக் கோட்டைத்தான் போடுவார்.

பாலத்தின் நடுவில் பைக்கை ஓரம் கட்டினான்.

"ஷைனி. மூணாம் பேனல் தூங்கிகினு இருக்குது. போன சீசன்ல நான்தான் வெச்சேன்."

பைக்கிலிருந்து இறங்கினாள், போனை எடுத்தாள், ஷிஃப்டில் இருப்பவரைக் கூப்பிட்டாள். "அண்ணா, மூணாம் பேனல் கிட்ட யாரையும் வுடாதீங்க. கயிறு கட்டுங்க. அதுல இருக்கற லேபிளக் கிழிச்சிடுங்க. ஆமாண்ணா, நான் ஒட்டுனதுதான். கிழிச்சிடுங்க." போனை வைத்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள்.

"ஜீப்புல கேட்டனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அந்தக் கோட்ட மாட்டிக்கினு நின்னப்பவும்?"

"அதுக்குதான் நானே வந்து தள்ளுனேன்."

"நீங்க செத்தாலும் பரவால்ல, வாயத் தொறந்து சொல்லமாட்டீங்க. அப்படிதான?"

லாரி ஒன்று பாலத்தைக் குலுக்கிக்கொண்டு போனது. அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஆலைக்கே திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை ஜி.எம். அறையில் ஷைனி நின்றாள், நாற்காலியில் உட்காரவில்லை. பிரிட்டோ கதவோரம் நின்றான்.

"என் தப்பு சார்" என்றாள். "மூடியத் தொறந்து பாத்து எழுத வேண்டியத, கேட்டு எழுதிட்டேன். மூணாம் பேனல் கணக்கு அத்தனையும் தப்பு."

"யாருகிட்ட கேட்டீங்க?"

"யாரு சொல்லியிருந்தாலும் நான் பாத்திருக்கணும் சார்."

ஜி.எம். நெற்றியைத் தேய்த்தார். "நேத்து ஹெட் ஆபீஸ் ஆளுங்கள நிக்க வெச்சுக் காட்டியிருக்கோம். சரி, மிச்சத்த இளஞ்செழியனே முடிக்கட்டும். நீங்க எல்லாத்தையும் அவருகிட்ட ஒப்படைச்சிடுங்க."

இதுதானே பிரிட்டோ வேண்டிக்கொண்டது. நாற்காலி போச்சு, கண்ணாடி டம்ளர் போச்சு, மேடமும் போச்சு. கூத்தாட வேண்டியவனுக்கு அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது. என் தப்பு சார் என்று கையைக் கட்டாமல், குரல் இறங்காமல், அவள் எப்படிச் சொன்னாள்? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. இதுவும் அவளிடம்தான் இருக்கிறது.

"என்னைதான் சார் கேட்டாங்க" என்றான். "மாத்துனதும் நான்தான். மாத்தலன்னு சொன்னதும் நான்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்யா?"

பிரிட்டோவின் கண் ஷைனி பக்கம் போனது. ஜி.எம். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், அவருக்கும் வீட்டில் பெண்டாட்டி உண்டு, புரிந்திருக்கும். விசாரணை முடியும் வரை பிரிட்டோ எந்தப் பேனலையும் தொடக்கூடாது என்றார். ஆய்வை ஷைனியே முடிக்கட்டும் என்றார். ஷைனி சரிங்க சார் என்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே மூன்றாம் பேனலுக்கு ஷட்டவுன் கிடைத்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற பிரிட்டோ, "கடைசிப் புள்ளில இருக்கும்" என்றான், உதவியாக இருக்கட்டும் என்று. அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தாள். பிறகு கொளஞ்சியப்பனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். "கடைசிப் புள்ளிங்க மேடம்" என்றார் அவர். அதன் பிறகுதான் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் பேசினாள், சோறு போட்டாள், ஆனந்தமேரிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. மெல்லச் சரியாகிவிடும் என்றும் நினைத்துக்கொண்டான். மாமியாரிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பூசைக்குக் கிளம்பினார்கள். கடைசியாக டீ போட்டவன் பிரிட்டோ. ஆனந்தமேரி வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷைனி செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

"கேஸ் மூடியாச்சா?" என்று கேட்டாள் ஆனந்தமேரி.

"மூடிட்டேம்மா" என்றான் பிரிட்டோ.

ஷைனி குனிந்து செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள். அடுப்படியில் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது, பிறகு அணைக்கும் சத்தம். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "போலாம் அத்த" என்றாள். கேஸை அவன் மூடித்தான் வைத்திருந்தான்.